ஹெக்டேருக்கு 40 டன்: பச்சையா, காய்ந்ததா?

தராசுமுள்:
இந்த மன்றத்தின் வேறோர் விவாத இழையில் பசுமைவேந்தன் ஐயா போகிற போக்கில் ஒரு வரியை வீசிவிட்டுப் போயிருக்கிறார். "வெப்பமண்டலத்தில் வேகமாக வளரும் மரங்களை நட்டால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40 டன் விறகு, கிலோவுக்கு 4,500 கிலோகலோரி, வெட்ட வெட்டத் துளிர்க்கும், நிலக்கரியை மூட்டை கட்டிவிடலாம்" என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. பார்த்ததும் எரிச்சலாக இருந்தது, அதனால்தான் தனி இழை.

என் கேள்வி ஒன்றே ஒன்று. அந்த 40 டன் வெட்டிய அன்று போட்ட எடையா, காய்ந்த பிறகு போட்ட எடையா? 4,500 கிலோகலோரி என்பது ஈரமே இல்லாமல் உலர்த்திய மரத்துக்கான எண். வெட்டிய மரத்தில் ஏறத்தாழ பாதி எடை தண்ணீர். அதை அப்படியே எரித்தால் கிலோவுக்குக் கையில் நிற்பது சுமார் 1,900. எடையைப் பச்சையில் எடுத்து, வெப்பத்தைக் காய்ந்ததில் எடுத்து இரண்டையும் பெருக்கினால் 18 கோடி கிலோகலோரி வரும். உண்மையில் வருவது 7.6 கோடி. மீதிப் பத்துக் கோடியை ஐயா எங்கிருந்து கொண்டுவருகிறார் என்று தெரிந்தால் நாமும் போய் இரண்டு வாளி மொண்டு வரலாம்.

பசுமைவேந்தன்:
வந்துவிட்டார் தராசு. யாராவது நல்லது ஒன்றைச் சொல்லிவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது. 40 டன் என்றால் 40 டன்தான். சூபாபுல் தன் வேர் முடிச்சில் தானே நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மரம், உரச் செலவு குறைவு. தைலமரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு வரும், ஒவ்வொரு வெட்டுக்கும் புதிதாக நட வேண்டாம். நாலைந்து ஆண்டுக்கு ஒரு வெட்டு. நட்டு, வெட்டி, லாரியில் ஏற்றி, எடைமேடையில் நிறுத்திப் பார்த்தவன் நான். நீங்கள் இதுவரை நட்டது எத்தனை மரம்?

தராசுமுள்:
"லாரியில் ஏற்றி எடைமேடையில் நிறுத்தி." ஆக, பச்சை எடை. அவர் வாயாலேயே வந்துவிட்டது. நன்றி.

பசுமைவேந்தன்:
நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். எந்த லாரி, வெட்டி எத்தனை நாள் கழித்து ஏற்றியது என்று நான் சொன்னேனா?

தராசுமுள்:
சொல்லவில்லை. அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்! பச்சையா, காய்ந்ததா? ஒரு சொல்லில் பதில் வரும் கேள்வி இது.

பாய்லர்க்காரன்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் மரச் சில்லு எரிக்கும் பாய்லரில் வேலை பார்த்தவன். ஈரம் என்பது இங்கே எழுதுவதுபோல வெறும் எண் இல்லை. மழைக்காலத்துச் சில்லு ஹாப்பரில், அதாவது சில்லைக் கொட்டும் தொட்டியில், கீழே இறங்காது. மேலே பாலம் கட்டிக்கொண்டு நிற்கும், அடியில் வெறும் குழிதான் இருக்கும். கம்பியால் குத்திக் குத்தி இறக்குவோம். இறங்கியதும் கிரேட்டில், அதாவது எரியும் கம்பித் தட்டில், உடனே தீ பிடிக்காது. முதலில் புஸ்ஸென்று ஆவி கிளம்பும், நீராவி டிரம்மில் அழுத்தம் சரசரவென்று இறங்கும், கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். அப்புறம் அந்தச் சில்லை யார் வாங்கியது என்று ஆளாளுக்குக் கை நீட்டுவார்கள்.

அப்புறம் ஒன்று. ஈரச் சில்லை உயரமாகக் குவித்து வைத்தால் உள்ளே தானாகச் சூடேறும். காலையில் குவியலின் உச்சியில் ஆவி பறக்கும். கவனிக்காமல் விட்டால் புகை, அதற்கும் மேல் விட்டால் தீ. குவியலைப் புரட்டிப் போட ஒரு வண்டி எப்போதும் வேண்டும்.

தராசுமுள்:
பாய்லர்க்காரன் அண்ணே, நீங்கள் ஒருவர்தான் ஆள். பசுமைவேந்தன் ஐயா இதை மூன்று முறை படிக்கவும்.

பசுமைவேந்தன்:
படித்தேன். மழையில் நனைய விட்டது யார் குற்றம், மரத்தின் குற்றமா? மேலே கூரை போட்டு இரண்டு மூன்று மாதம் காய வைத்தால் 20 சதவீத ஈரத்துக்கு வந்துவிடும், கிலோவுக்கு 3,400 கிலோகலோரி சுளையாகக் கிடைக்கும். தராசு கொடுத்த 1,900 என்பது வெட்டிய கையோடு அடுப்பில் திணிப்பவனுடைய கணக்கு. யாராவது அப்படி எரிப்பார்களா?

தராசுமுள்:
சரி, காய வைத்தீர்கள். ஈரம் போனால் எடையும் போகுமே! 40 டன் பச்சை விறகு 20 சதவீத ஈரத்துக்கு இறங்கும்போது 25 டன்தான் மிஞ்சும். 25 டன்னை 3,400ஆல் பெருக்குங்கள், 8.5 கோடி. நீங்கள் சொன்ன 18 கோடியில் பாதிகூட இல்லை. காய வைத்தபின் வெப்பத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு எடையைப் பழையபடி 40லேயே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அதனால் மறுபடியும் அதே கேள்வி: பச்சையா, காய்ந்ததா?

வேர்ப்புழு:
ஈரம் ஈரம் என்று அடித்துக்கொள்கிறீர்களே, எந்த ஈரம்? வனவியல்காரர்கள் தண்ணீரின் எடையை உலர்ந்த மரத்தின் எடையால் வகுப்பார்கள். பாய்லர்காரர்கள் மொத்த எடையால் வகுப்பார்கள். ஒரே கட்டையைக் காட்டி அவர் 100 சதவீதம் என்பார், இவர் 50 சதவீதம் என்பார். இரண்டும் சரி. எதைப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால்...

பசுமைவேந்தன்:
100 சதவீத ஈரமா? அப்படியானால் அது மரமா, குளமா? நல்ல வனவியல்.

வேர்ப்புழு:
சரி. உங்களிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

சூரியகாந்தி:
என்ன ஈரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எதற்கு இந்த வீண் வேலை? தாராளமாக ஹெக்டேருக்கு 20 டன் உலர் மரம் என்றே எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் வெப்பம் சுமார் 100 மெகாவாட் மணி. சிறிய நிலையத்தில் அதில் கால் பங்கு மின்சாரமானால் பெரிது. ஆக ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு 25 மெகாவாட் மணி. அதே ஹெக்டேரில் சூரியத் தகடு பரப்பினால் வெப்பமண்டலத்தில் 700 மெகாவாட் மணிக்கு மேல் வரும். வெயிலில் விழும் ஆற்றலில் மரம் சேர்த்து வைப்பது ஒரு சதவீதம்கூடத் தேறாது, தகடு 20 சதவீதம் பிடிக்கிறது. இதற்கு மேல் என்ன பேச்சு?

பசுமைவேந்தன்:
இராத்திரி உங்கள் தகடு என்ன பண்ணும், நிலாவைப் பிடிக்குமா? விறகுக் குவியல் என்பது தானே பேட்டரி. ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் எரியும். தகட்டுக்கு நீங்கள் வாங்கும் பேட்டரி நாலு மணி நேரம் தாங்கினால் விழா எடுப்பீர்கள்.

சூரியகாந்தி:
அந்தக் குவியல்தான் தானாகவே தீப்பிடிக்கும் என்று மேலே பாய்லர்க்காரன் எழுதியிருக்கிறாரே. நல்ல பேட்டரி!

பாய்லர்க்காரன்:
நான் சொன்னது ஈரச் சில்லைப் பற்றி. முழுக்கட்டையாக, காற்றோட்டம் விட்டு அடுக்கி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. என்னை உங்கள் சண்டைக்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம்.

தராசுமுள்:
சூரியகாந்தி, நீங்கள் தயவுசெய்து வேறு இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே சூரியத் தகடு பேச்சே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா, அவர் "தாராளமாக 20 டன்" என்று போட்டதற்கு பசுமைவேந்தன் மூச்சுக்கூட விடவில்லை. 40 எங்கே போயிற்று? தகட்டோடு சண்டைக்குப் போனவர் 20ஐ அப்படியே விழுங்கிவிட்டார்.

பசுமைவேந்தன்:
நான் எதையும் விழுங்கவில்லை. பிரேசிலில் போய்ப் பாருங்கள். தைலமரத் தோட்டங்களில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40 எடுக்கிறார்கள், அதுவும் ஒன்றிரண்டு தோட்டத்தில் இல்லை. அந்த மரத்தைக் கரியாக்கி அந்தக் கரியில் இரும்பு உருக்குகிறார்கள். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் இது பெருந்தொழில். இரும்பையே உருக்கும் மரம் உங்கள் விளக்கை எரிய வைக்காதா?

தராசுமுள்:
ஆகா! இப்போதுதான் பூனை வெளியே வருகிறது. பிரேசில் தைலமரத்துக்குச் சொல்லும் 35, 40 என்பது கன மீட்டர் ஐயா, கன மீட்டர்! டன் இல்லை. அந்த மரம் கன மீட்டருக்கு உலர்ந்த எடையில் சுமார் அரை டன். ஆக 40 கன மீட்டர் என்பது 20 டன். உலகத்திலேயே நல்ல மண்ணும், தேர்ந்தெடுத்த வீரிய ரகமும், உரமும், ஆராய்ச்சியும் சேர்ந்து கொடுப்பதே அவ்வளவுதான். நீங்கள் கன மீட்டரைப் பார்த்து டன் என்று எழுதிவிட்டீர்கள். கைதட்டியவர்கள் எங்கே?

பசுமைவேந்தன்:
அது பட்டை உரித்த நடுமரத்தின் கணக்கு. விறகுக்குக் கிளை, பட்டை, நுனி எல்லாம் சேரும். அதையும் கூட்டுங்கள்.

தராசுமுள்:
கூட்டுகிறேன். கிளையும் பட்டையும் சேர்த்தால் 20 டன் 40 ஆகுமா? மரம் பாதி, கிளை பாதியா? அது தைலமரம் இல்லை, முட்புதர். தவிரவும் "கன மீட்டர்" என்று எதைச் சொல்கிறீர்கள்? திட மரமா, அடுக்கிய அட்டியா? அடுக்கிய அட்டியில் மூன்றில் ஒரு பங்கு காற்று. உங்கள் 40இல் பாதி தண்ணீர், மூன்றில் ஒன்று காற்று. மிச்சம் இருப்பதைத்தான் மரம் என்கிறோம்.

வேர்ப்புழு:
பட்டையையும் நுனிக் கிளையையும் இலையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்? கால்சியமும் பொட்டாசியமும் அதிகம் இருப்பதே பட்டையிலும் இலையிலும்தான். நாலைந்து வெட்டுக்குப் பிறகு அந்த 40 அல்ல, 20கூட வராது. சாம்பலைத் திருப்பிக் கொண்டுவந்து தோட்டத்தில் போட்டாலும் நைட்ரஜன் திரும்பாது, அது புகைபோக்கி வழியாகப் போய்விட்டது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று தலைப்பெல்லாம் போடுகிறோம், புதுப்பிப்பது எது, எத்தனை சுற்றுக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

பாய்லர்க்காரன்:
பட்டையைப் பற்றி நானும் சொல்கிறேன். பட்டை கூடுதலாக வந்தால் சாம்பலில் பொட்டாசியம் ஏறி, அது உருகி, கிரேட்டில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். கிளிங்கர் என்போம். பாய்லரை நிறுத்தி, ஆற வைத்து, ஆளை உள்ளே இறக்கி உடைத்தெடுக்க வேண்டும்.

பசுமைவேந்தன்:
நிலக்கரிச் சாம்பலைப் பார்த்ததுண்டா? மட்டமான நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது நாற்பது சாம்பல். சுத்தமான மரக்கட்டையில் ஒன்றுகூட இருக்காது. கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. மரத்தை ஆயிரம் குறை சொல்லும் வாய் ஒரு முறையாவது நிலக்கரியைச் சொல்லியிருக்கிறதா? புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவை அடுத்த மரம் உறிஞ்சிக்கொள்கிறது. கணக்கு நேர்.

வேர்ப்புழு:
நேர் ஆவது எப்போது என்பதுதான் விஷயம். ஒரே அளவு வெப்பத்துக்கு மரம் நிலக்கரியைவிடச் சற்று அதிகமாகவே கரியமில வாயுவை விடும். வெறும் தரிசில் புதிதாக நட்டு வெட்டினால் அது சீக்கிரம் நேராகும். இருந்த காட்டை அழித்து அந்த இடத்தில் நட்டால் பல பத்தாண்டு ஆகும். அந்த இடைவெளியில் காற்றில் நிற்பது கடன்.

தராசுமுள்:
வேர்ப்புழு, நீங்கள் சொல்வது எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் 40க்குப் பதில் வராமல் இதற்கு எல்லாம் போனால் ஐயா நழுவிவிடுவார். அவர் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

வேர்ப்புழு:
உங்களுக்கு 40ஐ விட்டால் உலகமே இல்லையா? அது 20 என்றே இருக்கட்டும், 15 என்றே இருக்கட்டும். ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டு முழுக்க ஓட 300 ஹெக்டேருக்கு மேல் தோட்டம் வேண்டும். அந்த நிலம் யாருடையது, அதில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? இல்லை. 40, 40, 40.

தராசுமுள்:
300 என்று எந்த விளைச்சலை வைத்துப் போட்டீர்கள்? 20 டன் உலர் மரத்தை வைத்து. 40 என்று வைத்திருந்தால் 150 ஹெக்டேர்தானே வந்திருக்கும்? ஆகவே எல்லாம் அந்த 40இல்தான் தொங்குகிறது. என்னைத் திட்டிக்கொண்டே என் கணக்கைத்தான் போடுகிறீர்கள்.

மௌனி:
முதலிலிருந்து வாசித்தேன். இது மின்சாரத்துக்கா, அடுப்புக்கா, ஆலை நீராவிக்கா? மூன்றுக்கும் கணக்கு வேறல்லவா? ஆலை நீராவி என்றால் 70, 80 சதவீதம் பயனாகும், மின்சாரம் என்றால் கால் பங்குதான். ஆலை வெப்பத்துக்கு மரம் நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பசுமைவேந்தன்:
பிலிப்பைன்ஸ் நாடே 1980களின் தொடக்கத்தில் சூபாபுல்லை நம்பி கிராமங்களுக்கு விறகு மின் நிலையத் திட்டம் போட்டது. அங்கே அதற்கு இப்பில்-இப்பில் என்று பெயர். அரசாங்கமே முட்டாளா?

தராசுமுள்:
மௌனியின் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். ஐயா, பிலிப்பைன்ஸை நீங்களே எடுத்தது எனக்கு மகிழ்ச்சி. அந்தத் திட்டம் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! அமிலத்தன்மை உள்ள மண்ணில் சூபாபுல் சரியாக வளரவில்லை. 1985இல் ஒரு சின்னஞ்சிறு பூச்சி, இலைச்சாறு உறிஞ்சும் சில்லிட், அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹவாயில் தென்பட்டிருந்தது. கொழுந்து கொழுந்தாகக் கருகியது. ஒரே இன மரத்தைப் பரப்பிலெல்லாம் நட்டதன் பலன். திட்டமிட்ட நிலையங்களில் சிலதான் எழும்பின, அவையும் நீடிக்கவில்லை. காகிதத்தில் டன் கணக்காக விளைந்த விறகு நிலத்தில் விளையவில்லை. ஏட்டுச் சுரைக்காய்.

வேர்ப்புழு:
போதாததற்கு அந்த சூபாபுல் உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. விதை கொட்டிய இடமெல்லாம் முளைக்கும்.

பசுமைவேந்தன்:
எங்கும் முளைக்கும் என்று ஒருவர், எங்குமே வளரவில்லை என்று இன்னொருவர். இரண்டு பேரும் தனியாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

சூரியகாந்தி:
இது நல்லா இருக்கே!

தராசுமுள்:
சிரிக்க வேண்டாம். தானாக முளைத்துப் புதராக நிற்பது வேறு, டன் கணக்கில் விறகு கொடுப்பது வேறு. இதே வேலையைத்தான் ஐயா அந்தக் காட்டாமணக்கு இழையிலும் செய்தார். "தரிசில் தண்ணீர் இல்லாமல் வளரும், எண்ணெய் கொட்டும்" என்று எழுதினார். வளர்ந்தது உண்மை. காய்தான் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் செடி உயிரோடு இருந்தால் அது போதுமா, விளைச்சல் வேண்டாமா? அன்றைக்கும் இப்படித்தான் எண்ணைக் கேட்டேன், ஐயா ஊருக்குப் போகிறேன் என்று மறைந்துவிட்டார்.

பசுமைவேந்தன்:
ஊருக்குப் போனது உண்மை. அந்த இழையில் நீங்கள் என்னை "எண்ணெய் வியாபாரி" என்று எழுதினீர்கள், இன்றுவரை அதை நீக்கவில்லை. முதலில் அதை நீக்குங்கள், பிறகு 40ஐப் பற்றிப் பேசலாம்.

தராசுமுள்:
நீக்க மாட்டேன். அப்படியானால் 40 பச்சை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பசுமைவேந்தன்:
நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பத மீட்டரைக் குத்திக் காட்டினால்கூட நம்பப் போவதில்லை.

பாய்லர்க்காரன்:
அந்த மீட்டரை நானும் நம்ப மாட்டேன். ஊசி இறங்கும் ஆழத்துக்குத்தான் அது சொல்லும், நடுக்கட்டை நனைந்தே இருக்கும். மாதிரி எடுத்து 105 டிகிரி அடுப்பில் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை பார்க்க வேண்டும். சரக்கு கொண்டுவருகிறவர்களுக்கு இது பிடிக்காது. எடைக்குத்தானே காசு, தண்ணீரும் எடைதான்.

புதுத்துளிர்:
வணக்கம், புதிய உறுப்பினர். மரம் மரம் என்கிறீர்கள், மூங்கிலை ஏன் யாரும் சொல்லவில்லை? எல்லா மரங்களையும்விட வேகமாக வளர்வது அதுதானே?

தராசுமுள்:
மூங்கில் புல் இனம். இந்த இழை மரத்தைப் பற்றியது.

பசுமைவேந்தன்:
அடுப்புக்குத் தெரியுமா அது புல்லா மரமா என்று? புதியவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், விரட்டாதீர்கள். மூங்கிலை ஆண்டுதோறும் தூரில் முதிர்ந்ததை மட்டும் வெட்டி எடுக்கலாம், மொத்தமாக அழிக்க வேண்டியதில்லை. இதுவும் அவருக்குப் பிடிக்காது.

வேர்ப்புழு:
ஒரு நாள் மொத்தமாகப் பூத்து மொத்தமாகச் செத்துப்போகும் மூங்கில் வகைகள் இருக்கின்றன. மின் நிலையம் அந்த ஆண்டு எதை எரிக்கும்?

பாய்லர்க்காரன்:
மூங்கிலில் மரக்கட்டையைவிடச் சாம்பல் கூடுதல், சிலிக்காவும் பொட்டாசியமும் நிறைய. சில்லு வெட்டும் கத்தி சீக்கிரம் மழுங்கும். மேலே சொன்ன கிளிங்கர் தொல்லையும் வரும்.

பசுமைவேந்தன்:
அண்ணே, உங்களுக்கு எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் கிளிங்கர்தான். அந்தப் பாய்லரை ஒழுங்காக வடிவமைத்தால் மூங்கிலும் எரியும்.

பாய்லர்க்காரன்:
நீங்கள் வந்து உள்ளே இறங்கி ஒரு முறை உடைத்துப் பாருங்கள், அப்புறம் வடிவமைப்பைப் பற்றிப் பேசுவோம்.

தராசுமுள்:
மூங்கிலைத் தனி இழைக்கு மாற்றுமாறு நிர்வாகியைக் கேட்டுக்கொள்கிறேன். பசுமைவேந்தன் ஐயா வேண்டுமென்றே திசை திருப்புகிறார்.

புதுத்துளிர்:
நான்தான் கேட்டேன், அவர் இல்லை.

பசுமைவேந்தன்:
பார்த்தீர்களா தம்பி, இங்கே கேள்வி கேட்கும் உரிமை ஒருவருக்குத்தான். நீங்கள் மூங்கில் இழையைத் திறங்கள், நான் வருகிறேன். "எண்ணெய் வியாபாரி" நீங்கும்வரை இங்கே எனக்கு வேலை இல்லை.